விசிறி ஏன் விட்டுவிட்டு உறுமுகிறது?

சென்ற ஏப்ரலில் ஒரு மாலை, கல்லூரியில் வரலாறு படிக்கும் பார்வையற்ற மாணவி ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பியிருந்த மூன்றாம் பாடத்தை அப்போதுதான் கேட்டு முடித்திருந்தார். “அக்கா, உங்க குரலுக்குப் பின்னாடி மாவு மில் ஓடுற மாதிரி ஒரு சத்தம் வருது. ஒரே மாதிரி ஓடினாக்கூட கொஞ்ச நேரத்துல காது பழகிரும். இது நிக்குது, திரும்ப வருது. பாடத்துல கவனம் நிக்க மாட்டேங்குது” என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒன்றரை மணி நேரப் பதிவை நானும் கேட்டேன். அவர் சொன்னது முற்றிலும் சரி. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையே நான் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம், என் மேசைக் கணினியின் பிராசசர் விசிறி மெல்ல எழுந்து, உச்சத்துக்குப் போய், பிறகு அடங்கிக்கொண்டிருந்தது.

நான் இருப்பது திருச்சி. இங்கே கோடைக்காலத்தில் வீட்டில் குரல் பதிவு செய்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தெருச் சத்தம் வராமலிருக்கச் சன்னல்களைச் சாத்த வேண்டும். மைக்கில் காற்று மோதாமலிருக்கச் சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும். அடுத்த கால் மணி நேரத்தில் அறையின் வெப்பநிலை ஏறத் தொடங்கும். அறை சூடேற ஏற, கணினியின் விசிறி வேகமெடுக்கும். வேறு எல்லா ஓசைகளையும் நாமே நிறுத்திவிட்ட அறையில் அது ஒன்று மட்டும் தனித்துக் கேட்கும். மற்ற வேளைகளில் சீலிங் ஃபேனின் சத்தத்துக்குள் மறைந்திருந்ததால், ஐந்தாண்டுகளாக நான் அதைக் கவனித்ததே இல்லை.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை முதலில் முயன்றேன். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் குரல் இல்லாத சில விநாடிகளை மாதிரியாகக் காட்டினால், அதே தன்மையுள்ள இரைச்சலைப் பதிவு முழுவதிலும் குறைத்துத் தரும் வசதி இருக்கிறது. சீரான இரைச்சலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். என் விசிறியோ நிமிடத்துக்கு ஒரு முறை சுருதி மாறியது. விசிறி மெதுவாகச் சுற்றிய நேரத்தில் எடுத்த மாதிரி, அது வேகமாகச் சுற்றிய நேரத்துக்குப் பொருந்தவில்லை. வலுவாக நீக்கினால் என் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. அந்த மாணவியின் காதுக்கு எது தொல்லையாக இருந்ததோ, அதுவேதான் மென்பொருளுக்கும் தொல்லை. சத்தத்தின் அளவைவிடச் சத்தத்தின் மாற்றமே பெரிய கேடு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு நான் செய்த எல்லா வேலைகளுக்கும் இதுவே வழிகாட்டியது.

எந்த விசிறி சத்தமிடுகிறது என்பதை உறுதிசெய்யாமல் எதையும் வாங்கக் கூடாது. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, இதழ்களைத் தொடாமல், ஒவ்வொரு விசிறியின் நடுக் குமிழையும் விரல் நுனியால் இரண்டு விநாடி மெல்ல அழுத்தி நிறுத்திப் பார்ப்பது ஒரு வழி. இன்னொரு வழி அதைவிடத் துல்லியமானது. விசிறியின் இதழ்கள் காற்றை வெட்டும்போது எழும் தொனியின் அதிர்வெண், ஒரு விநாடிக்கு எத்தனை சுற்று என்பதை இதழ்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைக்கும். பிராசசரைக் குளிர்விக்க அதன் பெட்டியிலேயே வந்திருந்த என் கூலரின் விசிறிக்கு 7 இதழ்கள். அது நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடும்போது விநாடிக்கு 40 சுற்று. ஆக 280 ஹெர்ட்ஸ். கேபினெட்டின் பின்பக்க விசிறிக்கு 9 இதழ்கள், 900 சுற்று. ஆக 135 ஹெர்ட்ஸ். அறையின் அமைதியைப் பத்து விநாடி பதிவுசெய்து, அதன் அலைவரிசைப் படத்தை ஆடாசிட்டியில் திறந்தபோது, 280-க்கு அருகே ஒரு கூர்மையான முகடு கோபுரம்போல் நின்றது. 135-இல் சிறு மேடு மட்டுமே. குற்றவாளி யார் என்பதில் ஐயமே இல்லாமல் போயிற்று. 280 ஹெர்ட்ஸ் என்பது ஒரு பெண்ணின் குரல் புழங்கும் எல்லைக்குள்ளேயே இருப்பதால், என் குரலைச் சிதைக்காமல் அதை வெட்டி எடுக்கவும் வழியில்லை.

கூலரைக் கழற்றிப் பார்த்தேன். விசிறிக்கு அடியில், பிராசசரின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளின் மேல், சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு விரித்தது போலத் தூசி படிந்திருந்தது. நகத்தால் ஓர் ஓரத்தைத் தூக்கியபோது அது உதிரவில்லை. வட்டமாக, முழுதாக, ஒரே துண்டாகக் கையோடு வந்தது. தலைமுடி, பஞ்சு, தெருப்புழுதி எல்லாம் சேர்ந்து நெய்த துணி அது. அதன் கீழே தகடுகளின் இடைவெளியில் பாதி அடைந்துகிடந்தது. காற்று புக வழியே இல்லாத இடத்தில் விசிறி ஐந்தாண்டுகளாக மூச்சிரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சாயம் பூசும் மென்மையான தூரிகையால் ஒவ்வோர் இடுக்காகத் துடைத்தெடுத்தேன். ஊதுகருவி வைத்திருப்பவர்கள், விசிறி சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். காற்றின் வேகத்தில் அது தன் வரம்பை மீறிச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். பிராசசருக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்து, சுண்ணாம்புப் பொருக்குப் போல் உதிர்ந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அதைத் துடைத்துவிட்டு, புதிய பேஸ்டை ஒரு பட்டாணி அளவு வைத்து மூடினேன்.

இவ்வளவுக்கே உச்ச வேகம் கணிசமாகக் குறைந்தது. ஆனால் ஏறி இறங்கும் பழக்கம் போகவில்லை. அதற்குக் காரணம் வேறு.

இன்றைய பிராசசர்கள் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே அரை விநாடிக்குள் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் உயர்த்திக்கொள்கின்றன. நகத்தளவு சிலிக்கானில் அந்த வெப்பம் பிறப்பதால், உள்ளே இருக்கும் உணர்வி 45 டிகிரியிலிருந்து 65-க்கு ஒரே தாவலாகத் தாவுகிறது. மதர்போர்டு அந்த எண்ணை நம்பி விசிறியை விரட்டுகிறது. அடுத்த விநாடி வேலை முடிந்து வெப்பம் இறங்கியதும் விசிறியும் இறங்குகிறது. அந்த விரட்டலால் ஏதாவது பயன் உண்டா என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரைக் கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 450 ஜூல் வெப்பம் வேண்டும். பிராசசர் கூடுதலாக 60 வாட் வீதம் ஐந்து விநாடி வெப்பத்தைக் கொட்டினாலும் மொத்தம் 300 ஜூல்தான். அதாவது அந்த ஐந்து விநாடியில் ஹீட்சிங்கின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறுவதில்லை. விசிறி குளிர்விப்பது ஹீட்சிங்கைத்தானே தவிர, சிலிக்கானை நேரடியாக அல்ல. ஹீட்சிங்க் சூடாகவே இல்லாதபோது விசிறி ஓடி ஆற்றும் பணி எதுவும் இல்லை; அந்த இரைச்சல் முழுக்க வீண்.

ஆகவே கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் விசிறியின் வரைகோட்டைத் திருத்தினேன். பெரும்பாலான மதர்போர்டுகளில் வெப்பநிலைக்கும் விசிறி வேகத்துக்குமான உறவை நான்கைந்து புள்ளிகளால் நாமே வரைந்துகொள்ளலாம். என்னுடையதில் அது 40 டிகிரியிலிருந்தே ஏறும் சரிவாக இருந்தது. அதை 65 டிகிரி வரை சமதளமாக்கி, அந்தத் தளத்தில் 30 விழுக்காடு வேகம் மட்டும் கொடுத்தேன்; 78 டிகிரியில் 50 விழுக்காடு; 90-இல் முழு வேகம். அதோடு, வெப்பம் ஏறியபின் எத்தனை விநாடி பொறுத்து விசிறி வேகமெடுக்க வேண்டும் என்று தாமதம் வைக்கும் வசதியும் இருந்தது. அதை அனுமதித்த உச்ச அளவுக்கே வைத்தேன். பயாஸில் இந்த வசதி இல்லாதவர்கள், விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் ஃபேன்கண்ட்ரோல் என்ற மென்பொருளைக் கொண்டு இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம். சில விநாடிகளின் சராசரி வெப்பநிலையை அடிப்படையாகக் கொள்ளும்படி அதற்குச் சொல்ல முடியும். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பும், அதனோடு சேர்ந்த நிரல்களும் இதற்கு உண்டு. ஒரு ரூபாய் செலவில்லாமல் எனக்குக் கிடைத்த பயன்களில் இதுவே மிகப் பெரியது. இரைச்சலால் அவதிப்படும் எவரும் கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்குக் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

வெப்பநிலை 78 வரை போக விடலாமா என்று நண்பர்கள் அஞ்சினார்கள். இந்த அச்சத்தின் வேர், குளிர்நாடுகளில் எடுக்கப்பட்ட அளவுகளை நம் அறைக்குப் பொருத்திப் பார்ப்பதில் இருக்கிறது. கூலர் எதுவானாலும், அது அறைக் காற்றைவிட எத்தனை டிகிரி மேலே பிராசசரை நிறுத்தும் என்பதுதான் அதன் திறன். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட விசிறி வேகத்தில் அது 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் பிராசசர் 62-இல் நிற்கும். என் 36 டிகிரி அறையில் அதே கூலர், அதே வேகத்தில், 76-இல் நிற்கும். கூலரில் எந்தக் குறையும் இல்லை. இங்கேயும் 62 வேண்டும் என்று அடம்பிடித்தால், 40 டிகிரி வேறுபாட்டை 26 ஆக்க வேண்டும். விசிறியை எவ்வளவு விரட்டினாலும் பெரும்பாலான கூலர்களால் அது முடியாது. இரைச்சல் மட்டுமே மிஞ்சும். என் பிராசசருக்குத் தயாரிப்பாளர் வகுத்திருக்கும் உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திருச்சிக் கோடையில் 76 என்ற எண்ணைக் கண்டு பதறத் தேவையில்லை.

பிறகு வெப்பத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது பற்றி யோசித்தேன். என் பிராசசரின் அடிப்படை அளவு 65 வாட்; ஆனால் சிறிது நேரம் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போ நிலையில் அது 117 வாட் வரை எடுத்துக்கொள்ளும். செலவாகும் மின்திறன் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்திலும் ஏறுவதால், கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காகக் கொடுக்கும் விலை மிக அதிகம். பயாஸில் அந்த டர்போவுக்கான குறுங்கால வரம்பையும் 65 வாட்டாகவே வைத்தேன். பதிவுசெய்த ஒலியை எம்பி3 ஆக மாற்றும் வேலை சில விநாடிகள் கூடுதலாக எடுக்கிறது. வாசிக்கும்போதும் திருத்தும்போதும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஏஎம்டி பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு இக்கோ மோட் என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. 105 வாட் வகையைச் சேர்ந்த ரைசன் 7 5800எக்ஸ் இயல்பாக 142 வாட் வரை எடுக்கும். அதை இக்கோ மோடில் 65 வாட் வகைக்கு மாற்றினால் 88 வாட்டோடு நின்றுவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் புதிய கூலர் வாங்கினேன். கடைக்காரத் தம்பி, “லிக்விட் கூலர் போட்டுருங்கக்கா, சத்தமே இருக்காது” என்றார். அதிலும் ரேடியேட்டரில் விசிறிகள் உண்டு. கூடவே நாள் முழுதும் ஓடும் பம்ப் ஒன்றின் மெல்லிய முனகலும் சேரும். 65 வாட்டுக்கு அது தேவையே இல்லை என்பது என் முடிவு. 120 மில்லிமீட்டர் விசிறியும் நான்கு ஹீட்பைப்புகளும் கொண்ட ஒரு டவர் கூலரைத் தேர்ந்தேன். அதன் உயரம் 155 மில்லிமீட்டர் என்பதால், என் கேபினெட்டின் பக்கத் தகடு மூடுமா என்று முன்னரே அளந்து வைத்திருந்தேன்.

ஹீட்பைப் என்பது பார்க்கத் திடமான செப்புக் கம்பி போல இருந்தாலும் உள்ளே வெற்றிடமும், சில துளி நீரும், உட்சுவரில் திரி போன்ற ஒரு படலமும் கொண்டது. இட்லிப் பானையின் அடியில் நீராவி எழுந்து மூடியில் துளிகளாகப் படிந்து மீண்டும் கீழே சொட்டுவதைப் போல, பிராசசர்ப் பக்கம் நீர் ஆவியாகி, தகடுகள் இருக்கும் பக்கம் குளிர்ந்து, திரி வழியே திரும்பி வருகிறது. வெற்றிடத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் என்பதால், இந்தச் சுற்று 40, 50 டிகிரியிலும் நடக்கிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் விண்வெளிக் கலங்களுக்காக உருவாக்கிய கருவி இது. அது இன்று என் மேசைக்கடியில் ஓசையின்றி உழைப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பெரிய விசிறி ஏன் அமைதியானது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. விசிறியின் வேகம் பாதியானால் அதன் ஒலி சுமார் 15 டெசிபெல் குறையும். ஒரே வடிவமுள்ள விசிறிகளில், ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்று விட்டத்தின் மும்மடி விகிதத்தில் கூடும். 90 மில்லிமீட்டர் விசிறியின் இடத்தில் 120 மில்லிமீட்டர் விசிறி வைத்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.4 மடங்கு காற்று கிடைக்கும். எனவே அதே அளவு காற்றுக்கு அது அந்த அளவு மெதுவாகச் சுற்றினால் போதும். பெரிய இதழ்களின் கூடுதல் ஓசையைக் கழித்துக்கொண்ட பிறகும் சுமார் 10 டெசிபெல் ஆதாயம்; நம் காதுக்கு அது ஏறத்தாழப் பாதிச் சத்தம். தொனியும் கீழே இறங்கிவிடுகிறது. இப்போது என் விசிறி 9 இதழ்களோடு பெரும்பாலும் 700 சுற்றுக்குக் கீழேயே ஓடுகிறது. அதாவது 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அந்தப் பகுதியில் என் குரல் இல்லை. தேவைப்பட்டால் குரலைத் தொடாமல் வடிகட்டிவிடலாம்.

புதிய கூலரைப் பொருத்திய அன்று ஒரு புதுத் தொல்லை தலைகாட்டியது. ‘வும்... வும்...’ என்று விநாடிக்கு இரண்டு முறை அலையலையாக ஓர் ஒலி. தம்புராவின் இரண்டு தந்திகளைச் சுருதி சேர்க்கும்போது, அவை மிக நெருங்கி வந்தும் இன்னும் ஒன்றாகாத நிலையில் எழும் அந்த அலைதான் இது. கேபினெட்டின் பின்பக்க விசிறியும் புதிய விசிறியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் 9 இதழ்கள். நிமிடத்துக்கு 15 சுற்று வித்தியாசம் இருந்தால் விநாடிக்கு இரண்டு அலைக்கு மேல் வரும். இரண்டையும் சுருதி சேர்ப்பது நடவாத காரியம். ஆகவே தள்ளி வைத்தேன். பின்பக்க விசிறியை 500 சுற்றில் நிலையாக நிறுத்தியதும் அலை மறைந்தது.

கணினியை மேசைமேல் வைத்திருந்ததும் தவறு. உள்ளே வெற்றிடமுள்ள பலகை மேசை, வீணையின் குடம் தந்தியின் அதிர்வை வாங்கிப் பெருக்குவது போல, கேபினெட்டின் அதிர்வை வாங்கிப் பெருக்கிக்கொண்டிருந்தது. மேசையில் காதை வைத்துக் கேட்டபோது அது நன்றாகத் தெரிந்தது. கேபினெட்டைத் தரைக்கு இறக்கி, பழைய சைக்கிள் டியூபை நான்கு மடிப்பாக மடித்து அதன் கால்களுக்கு அடியில் வைத்தேன். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். சுவர்கள் எதிரொலிக்கும் அறையில் அவ்வளவு கிடைக்காவிட்டாலும், நீளமான கேபிள் வாங்கி இரண்டு மீட்டர் தள்ளி வைத்தது பயன் தந்தது. அதைவிட, என் மைக் முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்டு வகை என்பதை நினைவில் கொண்டு, அதன் முதுகு கேபினெட்டை நோக்கி இருக்கும்படி நாற்காலியையும் மேசையையும் திருப்பிப் போட்டது இன்னும் பெரிய மாற்றம். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஒலிநூல்களை வெளியிடும் ஏசிஎக்ஸ் தளம், பின்னணி இரைச்சல் -60 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது (பதிவில் உச்ச ஒலி 0; எண் அதற்குக் கீழே போகப் போக அமைதி கூடும்). மாணவர்களுக்கான பதிவுக்கு அப்படி யாரும் விதி வைக்கவில்லை. பணம் கொடுத்துக் கேட்பவருக்கு ஒரு தரமும், தேர்வுக்காக இரவெல்லாம் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு அதைவிடத் தாழ்ந்த தரமும் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே எல்லையையே எனக்கும் வைத்துக்கொண்டேன். மூன்றாம் பாடத்தைப் பதிவுசெய்த நாளில் என் அறை -47 காட்டியிருந்தது.

மூன்றாம் பாடத்தை மீண்டும் முழுவதுமாக வாசித்தேன். இந்த முறை விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். அறை ஒரு டிகிரி குறைந்தால் பிராசசரும் ஒரு டிகிரி குறையும் என்பதால், கோடையில் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடு இல்லை. பாடக் குறிப்பேட்டின் ஓரத்தில் அன்றன்றைய அளவுகளை எழுதி வைக்கும் பழக்கமும் அன்று தொடங்கியதுதான். அந்தப் பக்கத்தில் இருப்பது இது: அறை 29 டிகிரி, பிராசசர் 51, விசிறி 620 சுற்று, தொடக்கத்திலும் முடிவிலும் அதே 620, பின்னணி -62.